தாடைக்கு மெத்தை

நாற்காலி தலைகீழாகத்தான் திரும்பி வந்தது. தம்பி அதைக் கவிழ்த்துத் தலையில் சுமந்துகொண்டு பட்டறைக்குள் நுழைந்தபோது, தலையில் நான்கு கால் முளைத்த மனிதன் யாரோ நிலைப்படியில் இடித்துக்கொள்வது போல இருந்தது. அவள் பாலிஷ் துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பல் டாக்டரம்மாவின் வரவேற்பறைக்கென்று செய்கிற நாற்காலிகளில் இதுதான் முதலாவது. மாதிரிக்குப் பார்க்கட்டும் என்று போன வாரம் அனுப்பியது.

"என்னடா, கூட்டிட்டுப் போன வேகத்துலயே கூட்டிட்டு வந்துட்டே?"

"பொண்ணைப் பிடிக்கலையாம்க்கா." தம்பி நாற்காலியை இறக்கிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டான். "அத்தான், நீங்களும் வாங்க. டாக்டரம்மா கோவிச்சுக்கல, சிரிச்சாங்க. 'எங்ககிட்ட வர்றவங்கதான் வலி தாங்காம கடிச்சிட்டாங்களோன்னு பார்த்தேன், இது வரும்போதே கடி வாங்கிட்டு வந்திருக்கே'ன்னாங்க."

வீட்டுக்காரர் கையிலிருந்த இழைப்புளியை ஒருக்களித்து வைத்துவிட்டு வந்து குனிந்தார். முதுகு சாயும் மேல் சட்டத்தின் அடிப்பக்கத்தில், முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு கோடுகள். நகத்தை அழுத்தி இழுத்தது போன்ற பள்ளம். நாற்காலியை இழுக்கிறவர்களின் விரல் சரியாகப் போய் நிற்கும் இடம். எந்தக் கண்ணுக்கும் படாது, எல்லா விரலுக்கும் படும்.

அவர் கண் பள்ளத்தில் நின்றது. பிறகு ஆள்காட்டி விரலால் அந்த இடத்தைத் தடவினார். விரல் பள்ளத்தின் மேல் ஏறி இறங்காமல், சமதரையில் போவது போல நேரே போனது. போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைஸ் தாடைதான்," என்றார் நிமிர்ந்து. "உள்ள வெச்ச கட்டை தேஞ்சிருக்கு. மெத்தை மாத்தணும்."

வைஸைப் பார்க்காதவர்களுக்குச் சொல்வதென்றால், அது வேலை மேடையின் ஓரத்தில் பொருத்திய ஓர் இரும்பு வாய். இரண்டு தாடை, நடுவில் ஒரு திருகு, திருகைச் சுற்ற ஒரு கம்பி. சுற்றினால் வாய் மூடி மரத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால்தான் இழைக்க முடியும். ஆனால் இரும்புக்கு மரத்தின் அருமை தெரியாது. அதனால் தாடையின் உட்பக்கம் கட்டையோ தோலோ எதையாவது ஒட்டி வைப்பார்கள். இந்தப் பட்டறையில் வருஷக்கணக்காக இருந்தது இரண்டு கட்டைகள். அவரே செதுக்கிப் பதித்தவை. அந்தக் கட்டைகளுக்கு இடையில் இவர்கள் செய்த எத்தனையோ மேஜையும் கட்டிலும் தொட்டிலும் மாட்டி மீண்டு போயிருக்கின்றன, ஒரு கீறல் இல்லாமல். கட்டை கொஞ்சம் தேய்ந்திருந்தது நிஜம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை அவள் நாக்கு நுனி வரை வந்தது. வந்ததற்காகத் தன்மீதே எரிச்சல்பட்டு, பாலிஷ் துணியைப் பிழிந்தாள்.

அவளுக்குத் தெரிந்த விஷயம் வேறு. மரம் நசுங்கிய இடத்தில் ஈரத்துணியை வைத்து, மேலே சூடான இஸ்திரிப் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுத்தால், ஆவி இறங்கி மரம் மெல்ல உப்பி எழும்பும். பாலிஷ் போடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவேலைதான். எப்போதாவது சுத்தியல் நழுவி விழுந்தால் செய்வது. அவள் மழைக்காலத்திலிருந்து தினமும் காலையில் செய்துகொண்டிருந்தாள். சர்க்கரைக்காகத் தினம் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவர் நடக்கப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் இவள் பெட்டியைச் சூடு பண்ணுவாள். முந்தின நாள் இழைத்த சட்டங்களை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கவ்விய தடத்தை எல்லாம் எழுப்பி, காயவைத்து, உப்புத்தாள் போட்டு, எடுத்த இடத்திலேயே அடுக்குவாள். ஊரில் பெண்டாட்டிகள் புருஷன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார்கள், நான் புருஷன் இழைத்த மரத்துக்குப் போடுகிறேன் என்று முதலில் சிரிப்பாகக்கூட இருந்தது. தடம் வரவர ஆழமாகிக்கொண்டே போன பிறகு சிரிப்பு வரவில்லை. தோள்பட்டை வலிதான் வந்தது. இந்தச் சட்டத்தின் அடிப்பக்கத்தை அன்றைக்கு அசதியில் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

தடத்துக்கும் முன்னால் ரத்தம் வந்திருந்தது. வெளிர்நிற மேஜைக் காலொன்றில் சிவப்பாக ஒரு கீற்று. "ஏங்க, கையைக் காட்டுங்க" என்று பிடித்துத் திருப்பினால், உளி பட்டுக் கட்டைவிரல் ஓரம் திறந்துகிடக்கிறது. அவர் அதைப் பார்த்தது அவள் காட்டிய பிறகு. "அட, எப்பப் பட்டுதுன்னே தெரியலையே" என்றார், பஸ்ஸில் மணிபர்ஸ் தொலைத்தவர் போல. மரத்தில் ஏறிய ரத்தம் லேசில் போகாது. அந்தக் காலை அவள் இரண்டு நாள் தேய்த்தாள்.

அன்று சாயங்காலமே அவர் பழைய கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மெத்தை தேட ஆரம்பித்தார். முதலில் சைக்கிள் ட்யூப். வெட்டி ஒட்டி, இறுக்கி, இழைத்து, கழற்றினால், வெள்ளை மரத்தில் கண்மை தீற்றியது போலக் கறுப்பு. அடுத்து தோல். செருப்புக் கடையிலிருந்து தடித்த துண்டாகத் தம்பி வாங்கி வந்தான்.

அவள் முகர்ந்து பார்த்தாள். "இதுல எண்ணெய் ஊறியிருக்குங்க. பட்ட இடத்துல பாலிஷ் ஏறாது."

"கழுவிடலாம்."

"தோலைக் கழுவினா வெறைச்சுக்கும். அப்புறம் அதுக்கு ஒரு மெத்தை தேடணும்."

"நீ ஒண்ணு! எதைச் சொன்னாலும் ஒரு நொட்டை."

மூன்றாவதாக, தம்பியின் வண்டியில் காலடியில் கிடந்த கம்பளத் துண்டு. அதன்மேல் இறுக்கிய சட்டத்தைக் கழற்றியபோது கம்பளத்தின் நெசவு அப்படியே மரத்தில் பதிந்திருந்தது, முதுகில் வேர்க்குரு போட்ட மாதிரி. தம்பி அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மெத்தென்ற கம்பளம். அது மரத்தில் பதியவேண்டுமென்றால் எவ்வளவு இறுக்கவேண்டும்? அவன் தன் அத்தானைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. பேசாத தம்பியைக் கண்டால்தான் அவளுக்குப் பயம்.

மறுநாள் அவர் நடக்கப் போயிருந்த நேரத்தில் தம்பி வந்தான். அவள் இஸ்திரிப் பெட்டியை மறைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவன் ஈரத்துணியையும் ஆவியையும் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தான்.

"எத்தனை நாளாக்கா?"

"எதுக்குடா எண்ணிக்கிட்டு."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"கைக்குத் தெரிஞ்சாத்தானே அவருக்குத் தெரியும்."

தம்பி தரையில் கிடந்த மரச்சீவல் ஒன்றை எடுத்து நீட்டினான், விட்டான், அது சுருண்டது. "நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதே. இந்தச் சட்டத்தையெல்லாம் மிஷின்லயே இழைச்சு வாங்கிடுவோம். அத்தான் முன்னால மேஜையில உக்காரட்டும். வர்றவங்க போறவங்களைப் பார்த்துக்கட்டும். போன் வந்தா எடுக்கட்டும்."

"எடுத்து என்ன பேசுவாரு? மரம் போன் பண்ணாதுடா."

"விளையாடாதேக்கா. உளி நாளைக்கு நரம்புல இறங்கினா?"

"உக்கார வெச்சா அவரு படுத்துடுவாரு." அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எனக்குத் தெரியும். காய்ச்சல்ல நாலு நாள் வீட்ல கிடந்தப்பவே சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டவரு."

"சரி, அப்ப சொல்லு. வாயைத் திறந்து சொல்லிடு."

"நீ சொல்லேன், பெரிய மனுஷா."

"நானா? எனக்கு அவரு தாலி கட்டலையே!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது ஒருவேளைச் சாப்பாட்டோடு முடிகிற வேலை. இவள் தினம் தினம் புதிதாகச் சோறு வடித்து மறைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து தோள் வரை ஒரு கயிறு இழுப்பது போல வலித்தது. சொல்வதற்குக்கூடத் தெம்பு வேண்டுமல்லவா? அந்தத் தெம்பைத்தான் இந்தப் பெட்டி காலையிலேயே குடித்துவிடுகிறது.

தம்பி போய்விட்டு மத்தியானம் இரண்டு பொருளோடு வந்தான். இனி இதுதான், இதற்குமேல் ஊரில் மெத்தை இல்லை என்று மேடையில் பரப்பினான். ஒன்று விரல் பருமனுக்கு இருந்த நுரை ரப்பர், வெள்ளை, கறை விடாத ரகம். அமுக்கினால் குழிந்து, கையை எடுத்தால் எதுவுமே நடக்காத மாதிரி எழுந்துகொண்டது. இன்னொன்று தக்கைத் தகடு. பாட்டில் மூடியில் இருக்குமே, அதே தக்கை. மெல்லிசாக, பழுப்பாக, எடையே இல்லாமல்.

அவர் நுரை ரப்பரைத்தான் முதலில் எடுத்தார். அமுக்கினார். எழுந்தது. அமுக்கினார். முகம் தெளிந்தது. "இது நல்லாருக்கு. எவ்வளவு இறுக்கினாலும் தடம் விழாது."

"மரம் ஆடுமே அத்தான்? இழைக்கும்போது வழுக்காதா?"

"ஆடினா இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கிறது." பிறகு என்ன தோன்றியதோ, அவள் பக்கம் திரும்பினார். "பாலிஷ் போடறவ நீ. நான் எதை ஒட்டினாலும் நொட்டை சொல்லுவே. நீயே சொல்லிடு, எது?"

அவள் இரண்டையும் கையில் வாங்கினாள். நுரை எல்லாவற்றையும் மறந்துவிடுகிற சாதி. அதை ஒட்டினால் தடம் இருக்காது, கறை இருக்காது, காலையில் இஸ்திரி இருக்காது. தோளுக்கு ஓய்வு. அவர் பாட்டுக்கு இறுக்கிக்கொண்டே இருப்பார், ஒருநாள் இழைப்பின் நடுவே மரம் வழுக்கும், உளி விரலில் இறங்கும். தக்கை அப்படியல்ல. அளவாகக் கவ்வினால் எத்தனை வருஷமும் தாங்கும். அளவு மீறினால் நசுங்கி, உதிர்ந்து, நசுங்கிய இடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். கட்டை காட்டாத இறுக்கத்தைத் தக்கை காட்டிக்கொடுத்துவிடும்.

சொல்ல வாய் வராதவள் சுட்டிக்காட்டலாமே என்று ஒரு நினைப்பு. அது தைரியமா, தைரியமில்லாததால் வந்த தந்திரமா என்று யோசிக்க அவளிடம் அப்போது சக்தியில்லை.

"தக்கை," என்றாள்.

"இத்தனூண்டு இருக்கு!"

"என்னைத்தானே கேட்டீங்க? தக்கைதான்."

தம்பி அவளை ஒரு பார்வை பார்த்தான். பசை டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கு வண்டி ஓட்டப் போகணும்" என்று கிளம்பிவிட்டான்.

அவளே ஒட்டினாள். தாடையின் துருவைத் தேய்த்து, துடைத்து, பசை தடவி, தக்கையை வைத்து, காற்றுக்குமிழ் நிற்காமல் உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினாள். குழந்தை நெற்றியில் பற்றுப் போடுவது போல அவ்வளவு பதமாக. அடுத்த நாளிலிருந்து காலையில் பெட்டியைச் சூடு பண்ணவில்லை. அவர் நடந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவள் படுத்திருந்தாள். "உடம்புக்கு என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல, அலுப்பு," என்றாள். உண்மைதான்.

தக்கை அந்த ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதலில் மேல் ஓரம் பொடிந்தது. பிறகு நடுவில் சட்டம் நிற்கும் இடம் காகிதமாயிற்று. கடைசியில் ஒரு துண்டு பெயர்ந்து, அடியில் இரும்பு பல்லைக் காட்டியது. அவர் ஒவ்வொரு நாளும் குனிந்து பார்த்துவிட்டு மேலே இழைத்தார். தம்பிதான் சனிக்கிழமை பார்த்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "என்ன அத்தான், ரோடு ரோலர் ஏத்தின மாதிரி இருக்கு? ஜன்னல் செய்யறாரே, அவரு பட்டறையில இதே தக்கை, அவரு பையன் கல்யாணத்துக்கு முன்னாடி ஒட்டினது. இப்ப அவரு தாத்தாவே ஆயாச்சு. தக்கை இன்னும் அப்படியே இருக்கு," என்றான்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "நீ போ. நாளைக்கு வேலை இல்லை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், தெரு சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரத்தில், பட்டறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு அவள் பின்னாலேயே போனாள். அவர் விளக்குப் போடாமல் வைஸின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்த வாரம் இழைத்த சட்டங்கள். இஸ்திரி போடாத சட்டங்கள். ஜன்னல் பக்கமாகச் சாய்த்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கீழே வைத்தார். எல்லாவற்றிலும் தடம்.

"இந்த வாரம் மட்டும் எப்படி எல்லாத்துலயும் இருக்கு?"

அவள் நிலைப்படியிலேயே நின்றாள்.

"போன மாசம் இதே மரம், இதே கை. ஒண்ணுலயும் இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன்." அவர் திரும்பினார். "பாலிஷ் மூலையில இஸ்திரிப் பெட்டி எதுக்கு இருக்குன்னு இன்னிக்குத்தான் தோணிச்சு. எத்தனை மடையன் நான்!"

"மடையன் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துலேர்ந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் பாட்டுக்கு ரப்பரை வெட்டறேன், தோலைத் தேடறேன், நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்திருக்கே."

"நீங்க மட்டும் சொன்னீங்களா? சர்க்கரைக்குன்னு மாசாமாசம் போய் டாக்டர்கிட்ட காலைக் காட்டறீங்க. கையைக் காட்டினீங்களா?"

அவர் சட்டத்தைப் பார்த்தார்.

"தெரியாதுன்னு சொல்லாதீங்க. கட்டைவிரல்ல ரத்தம் வந்தப்பவே தெரியும் உங்களுக்கு."

"கையைக் காட்டினா என்ன சொல்லுவாரு? வேலையை விடுன்னுவாரு. வேற என்ன தெரியும் அவங்களுக்கு."

"விடச் சொல்லுவாரோ, மருந்து சொல்லுவாரோ. கேட்டாத்தானே? எனக்கு முடியலைங்க. உங்க கையையும் என் கையையும் சேர்த்து நான் ஒருத்தியே சுமக்க முடியல." சொல்லிவிட்டு அவள் அங்கேயே, சீவல் குவியலின் மேலேயே, உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கொட்டாவி வந்தது. அதைப் பார்த்து அவர் வாயோரம் லேசாக அசைந்தது.

வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் எழுந்து, ஒரு சட்டத்தை எடுத்து வைஸின் வாயில் செருகினார். தக்கை மிஞ்சியிருந்த பக்கமாகப் பார்த்து நிறுத்தினார். கம்பியைச் சுற்றி, ஒரு விரல் இடைவெளி மிஞ்சுகிற வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார். இடது கையின் சுண்டுவிரலைத் தக்கைக்கும் மரத்துக்கும் நடுவில் விட்டார்.

"என்ன பண்றீங்க!" அவள் எழுந்துவிட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. எங்க தெரியுது, எங்க தெரியலைன்னு எனக்கே தெரியணும். நாளைக்கு டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"அதுக்கு இதுதான் வழியா? எடுங்க விரலை!"

"கத்தாதே. வலிச்சா நிறுத்திடப் போறேன்."

வலித்தால். அந்த ஒரு சொல் இருவருக்கும் நடுவில் நின்றது. அவள் பாய்ந்து வந்து கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அது திருகின் தலையைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டியிருக்கிற கம்பி, ஒரு முனை அவர் கையில், ஒரு முனை இவள் கையில்.

"பிடிச்சுக்கோ, வேண்டாங்கல. ஆனா தடுக்காதே," என்றார். "அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"எதுக்கு?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சுடும். அது என் விரலுக்குத் தெரிஞ்சதா ஆகாது."

அவள் திரும்பிக்கொண்டாள். எதிரே சுவரில் ரம்பங்கள் தொங்கின, சிறிதும் பெரிதுமாக. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. உடம்பு முழுவதும் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்திருந்தது. கம்பி குளிர்ந்திருந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு.

கம்பி இறுகும் பக்கமாக நகர்ந்தது, ஒரு மயிரிழை.

நின்றது. அவருடைய மூச்சு கேட்டது. அவள் வாயைத் திறக்காமல், பிடியை இறுக்காமல், விடாமல் நின்றாள்.

இன்னொரு மயிரிழை நகர்ந்தது.